ஆள் மாறினாரா, பதில் மாறியதா?

வேலையின்மை சென்ற மாதம் 5 சதவீதம், இந்த மாதமும் 5 சதவீதம் என்று நாளிதழில் ஒரு செய்தி வருகிறது. எதுவும் மாறவில்லை என்று எண்ணிக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் அந்த ஒரே எண்ணுக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு நாடுகள் இருக்கலாம். ஒரு நாட்டில், போன மாதம் வேலை இல்லாதிருந்த எல்லோருக்கும் வேலை கிடைத்துவிட்டது. அதே எண்ணிக்கையில் வேறு ஆட்கள் வேலையை இழந்திருக்கிறார்கள். இன்னொரு நாட்டில், போன மாதம் வேலையில்லாமல் நின்ற அதே ஆட்கள்தான் இந்த மாதமும் நிற்கிறார்கள். முதல் நாட்டில் வேலையின்மை என்பது பலர் சில வாரங்கள் தாங்கிக்கொள்ளும் சிரமம். இரண்டாவதில் அது சிலர் மட்டும் ஆண்டுக்கணக்கில் சுமக்கும் துயரம். முன்னதற்குச் சில வாரக் கைச்செலவுக்கு உதவினால் போதும். பின்னதற்கு அது போதவே போதாது.

ஏரிக்கரையில் நட்டிருக்கும் அளவுகல்லை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால் வழியே வருகிற நீர் முழுவதும் மதகு வழியே போய்க்கொண்டிருந்தாலும் மட்டம் அசையாது. வரத்தும் இன்றி, மதகும் திறக்காமல், பாசி படிந்து கிடந்தாலும் மட்டம் அசையாது. கல்லை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு ஏரியும் ஒன்றுதான். மட்டம் வேறு, ஓட்டம் வேறு. செய்தித்தாளில் வரும் விகிதங்கள் பெரும்பாலும் மட்டத்தையே சொல்கின்றன.

ஓட்டத்தை அறிய ஒரு வழி உண்டு. ஒவ்வொரு முறையும் புது ஆட்களிடம் கேட்காமல், அதே ஆட்களிடமே திரும்பத் திரும்பப் போய்க் கேட்பது. இதைத் தொடர்குழு ஆய்வு என்று அழைப்போம். 1940-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஈரி கவுண்டியில் இப்படி ஓர் ஆய்வு நடந்தது. ரூஸ்வெல்ட்டும் வில்கியும் மோதிய அதிபர் தேர்தல் ஆண்டு அது. மே மாதம் தொடங்கி நவம்பர் வரை 600 பேரை மாதந்தோறும் சந்தித்து, யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்டார்கள். ஆய்வை நடத்திய பால் லாசர்ஸ்ஃபெல்ட் வியன்னாவில் கணிதம் படித்தவர். பிறகு சமூகவியலுக்கு வந்து, 1930-களில் அமெரிக்காவுக்குப் போனவர். அவருக்குக் கட்சிகளின் மொத்த ஆதரவு முக்கியமாகப் படவில்லை. போன மாதம் ஒரு பக்கம் இருந்தவர் இந்த மாதம் எங்கே இருக்கிறார் என்பதுதான் அவர் தேடியது.

இப்படிக் கிடைக்கும் பதில்களை ஒரு கட்டமாகப் போடலாம். இடப்பக்கம் போன மாத நிலை, மேலே இந்த மாத நிலை, உள்ளே ஆட்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு வரிசையையும் நூற்றுக்கு இத்தனை என்று மாற்றிவிட்டால் அது நிலைமாற்றப் பட்டியல் ஆகிவிடும்: வேலையில்லாத நூறு பேரில் அடுத்த மாதம் இத்தனை பேர் வேலைக்குப் போவார்கள், இத்தனை பேர் அப்படியே இருப்பார்கள்.

இதற்கான கணிதம் தயாராகவே இருந்தது. ரஷ்யக் கணித அறிஞர் ஆந்த்ரெய் மார்க்கோவ் 1913-இல் ஒரு விநோதமான வேலை செய்தார். புஷ்கினின் ‘யெவ்கேனி அனேகின்’ நூலிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, எது உயிர், எது மெய், எதற்குப் பின் எது வருகிறது என்று கையாலேயே எண்ணினார். உயிருக்குப் பின் உயிர் வருவது அரிது, மெய்க்குப் பின் உயிர் வருவது அதிகம். அடுத்த எழுத்து எதுவாக இருக்கும் என்பது இப்போதைய எழுத்தைப் பொறுத்து அமைகிறது. அடுத்த நிலை இப்போதைய நிலையை மட்டுமே சார்ந்தது, அதற்கு முந்தைய வரலாறு வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது மார்க்கோவ் சங்கிலி. 1954-இல் புள்ளியியல் அறிஞர் டி. டபிள்யூ. ஆண்டர்சன் இந்தச் சங்கிலியைக் கொண்டு ஈரி கவுண்டி வாக்காளர்களின் மனமாற்றங்களை ஆராய்ந்து எழுதினார்.

இதுவரை எல்லாம் நேராகப் போகிறது. சிக்கல் தொடங்குவது, பதிலும் ஆளும் ஒன்றல்ல என்ற இடத்தில்.

1000 பேர் வாழும் ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். 100 பேருக்கு வேலை இல்லை, 900 பேருக்கு உண்டு. மாதங்கள் போகின்றன, ஒருவர் நிலையும் மாறவில்லை. கணக்கெடுப்பில் மட்டும் மாதாமாதம் தற்செயலாக நேரும் ஒரு சிறு பிழை. வேலையில்லாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் ‘வேலையில் இருப்பவர்’ என்று பதிவாகிறார்கள். வேலையில் இருப்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் ‘வேலையில்லாதவர்’ என்று பதிவாகிறார். முதல் மாதப் பதிவேட்டைப் பாருங்கள். வேலையில்லாத 100 பேரில் 90 பேர் சரியான பட்டியலில் இருப்பார்கள். வேலையில் உள்ள 900 பேரில் 9 பேர் தவறாக அதே பட்டியலில் சேர்வார்கள். மொத்தம் 99. உண்மையோ 100. இதைவிட நெருக்கமாக ஒரு கணக்கெடுப்பு வேண்டுமா? இரண்டாம் மாதமும் 99தான் வரும்.

இப்போது ஓட்டத்தை எண்ணுவோம். முதல் மாதப் பட்டியலில் இருந்த 99 பேரில், சரியாகப் பதிவான 90 பேரில் 9 பேர் இம்முறை தவறி ‘வேலையில்’ என்ற பக்கம் விழுவார்கள். முன்பு தவறாகச் சேர்ந்த 9 பேரில் ஏறக்குறைய எல்லோருமே இம்முறை தங்கள் சரியான பக்கத்துக்குத் திரும்பிவிடுவார்கள். ஆக 18 பேர் வேலை பெற்றுவிட்டதாகப் பதிவேடு சொல்லும். வேறு 18 பேர் புதிதாக வேலை இழந்ததாகவும் சொல்லும். ஒரே மாதத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மீண்டுவிட்டார்! இந்த வேகத்தில் ஒருவரின் வேலையின்மை சராசரியாக ஐந்தாறு மாதத்தில் தீர்ந்துவிடும் என்று அறிக்கை எழுதலாம். உண்மையில் அந்த ஊரில் ஒருவர்கூட மீளவில்லை.

மட்டத்தைக் கணக்கிடும்போது இந்தப் பக்கத் தவறும் அந்தப் பக்கத் தவறும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. ஓட்டத்தைக் கணக்கிடும்போது அதே தவறுகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. இந்த ஒரு செய்தியை மட்டும் யாராவது கட்டுரையிலிருந்து எடுத்துப் போனால்கூட எனக்கு நிறைவுதான். விகிதம் துல்லியமாக இருக்கிறது என்பதால் அதே தரவிலிருந்து எடுத்த மாற்றங்களும் துல்லியமாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

இப்படிப்பட்ட பிழை நிஜக் கணக்கெடுப்பில் உண்டா? உண்டு என்பதை அமெரிக்கர்கள் நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த நாட்டின் மாதாந்திர வேலைநிலைக் கணக்கெடுப்பு சுமார் 60,000 வீடுகளை எடுத்துக்கொள்கிறது. ஒரு வீடு நான்கு மாதம் தொடர்ந்து கேள்விக்கு உட்படும், எட்டு மாதம் ஓய்வு, மறுபடி நான்கு மாதம். இதில் ஒரு சிறு பகுதியினரிடம் சில நாட்களுக்குள் மறுபடியும் போய், முதலில் கேட்ட அதே வாரத்தைப் பற்றியே மீண்டும் கேட்பார்கள். இதுதான் மறுவிசாரணை. அந்த வாரம் கடந்துபோன வாரம். அது மாற வழியில்லை. ஆனாலும் பதில்கள் மாறுகின்றன. குறிப்பாக ‘வேலையில்லாதவர்’ என்ற வகைதான் அதிகம் தள்ளாடுகிறது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. அந்தப் பட்டியலில் சேர ஒருவர் வேலை செய்யாதிருந்தால் மட்டும் போதாது. பொதுவாகக் கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடியிருக்க வேண்டும், கிடைத்தால் சேரத் தயாராகவும் இருக்க வேண்டும். தேடித் தேடிச் சலித்துப்போன ஒரு பெண், சென்ற வாரம் தெரிந்தவர் ஒருவரிடம் ‘ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்’ என்று சொல்லி வைத்ததைத் தேடல் என்பாரா, மாட்டாரா? அன்றைக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் பதில். வீட்டில் ஒருவரே எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்லும் வழக்கமும் உண்டு. மகன் வேலை தேடுகிறானா என்பது அம்மாவுக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

இதனால் எவ்வளவு தூரம் தவறான முடிவுக்கு வர முடியும் என்பதற்கு 1970-களின் அமெரிக்க விவாதமே சாட்சி. மாதாமாதம் ஏராளமானோர் வேலையின்மைக்குள் நுழைவதும் வெளியேறுவதுமாக இருக்கிறார்கள், ஆகவே அது குறுகிய காலப் பிரச்சினை என்ற கருத்து அப்போது செல்வாக்கோடு இருந்தது. பொருளியலாளர்கள் கிம் கிளார்க்கும் லாரன்ஸ் சம்மர்ஸும் 1979-இல் அதை மறுத்தார்கள். வேலையின்மையின் பெரும்பகுதி நெடுங்காலம் வேலையின்றி இருப்பவர்களின் தோளில்தான் இருக்கிறது என்று காட்டினார்கள். 1986-இல் ஜேம்ஸ் போட்டர்பாவும் சம்மர்ஸும் மேலே சொன்ன மறுவிசாரணைத் தரவை எடுத்து, பதிவுப் பிழைகளைக் கழித்துவிட்டு ஓட்டத்தை மறுபடி கணக்கிட்டார்கள். வேலைச் சந்தை தோன்றிய அளவுக்குப் பரபரப்பானதாக இல்லை. வேலையின்மைக் காலம் எண்ணியதைவிடக் கணிசமாக நீண்டது. ஏட்டில் மாறிக்கொண்டே இருந்த பல பேர், தெருவில் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்கள். தொடர்ந்து தவிப்பவரை, வந்துபோகிறவர் என்று எழுதிவிடுவது வெறும் புள்ளியியல் பிழை ஆகாது. அவருக்குச் சேர வேண்டிய உதவியை அது தடுத்துவிடுகிறது.

மறுவிசாரணை செலவு பிடித்த காரியம். எல்லா ஆய்விலும் அதற்கு வசதியில்லை. அப்போது, பதில்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஆளின் மாற்றத்தையும் பதிலின் தள்ளாட்டத்தையும் பிரிக்க முடியுமா? எந்த ஒரு தனி ஆளைப் பற்றியும் உண்மை தெரியாத நிலையில் இது முடியாத காரியம் போலத்தான் தோன்றும். இரண்டு மாதப் பதில்களை வைத்துக்கொண்டு உண்மையிலேயே முடியாது. மூன்றாவது மாதம் வந்ததும் கதவு திறக்கிறது.

நம் கற்பனை ஊருக்கே மறுபடி போவோம். முதல் மாதம் ‘இல்லை’, இரண்டாம் மாதம் ‘உண்டு’ என்று மாறிய 18 பேர் மூன்றாம் மாதம் என்ன சொல்வார்கள்? அவர்களில் பாதிப் பேர் உண்மையில் வேலையில்லாதவர்கள். ஒரு மாதம் மட்டும் தவறிப் பதிவானவர்கள். அவர்கள் பழைய இடத்துக்கே திரும்புவார்கள். கணக்கிட்டால் 8 பேர் ‘இல்லை–உண்டு–இல்லை’ என்ற தடத்தில் வருவார்கள். இதற்கு மாறாக, அந்த 18 பேரும் உண்மையிலேயே வேலை பெற்றவர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலையில் இருப்பவர்களில் மாதத்துக்கு நூற்றில் இரண்டு பேர்தான் வேலை இழக்கிறார்கள் என்று அதே பதிவேடு சொல்கிறது. அப்படியானால் 18 பேரில் மறுமாதமே திரும்பி வருபவர் அரை ஆள்கூடத் தேறாது. எட்டுக்கும் அரைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தில்தான் பிழையின் கைரேகை இருக்கிறது.

இன்னொரு அடையாளமும் உண்டு. உண்மையான மாற்றம் காலம் செல்லச் செல்லக் கூடும். மாதத்துக்கு 18 பேர் உண்மையில் வெளியேறினால், இரண்டு மாதத்தில் பழைய பட்டியலிலிருந்து 32 பேர் வெளியே இருக்க வேண்டும். பிழையால் தோன்றும் மாற்றம் அப்படி வளராது. ஒன்றாம் மாதத்துக்கும் இரண்டாம் மாதத்துக்கும் இடையே எத்தனை முரணோ, ஒன்றாம் மாதத்துக்கும் மூன்றாம் மாதத்துக்கும் இடையேயும் அத்தனையே. பதிலில் உள்ள தள்ளாட்டத்துக்குக் காலம் தெரியாது.

இந்தத் தடயங்களைக் கொண்டு முறையாகக் கணக்குப் போடுவதுதான் மறைநிலை மாதிரி. இதன் வேரும் லாசர்ஸ்ஃபெல்டிடம்தான் இருக்கிறது. அமெரிக்காவுக்குப் போகும் முன், மரீ யஹோடா, ஹான்ஸ் சைஸல் ஆகியோருடன் சேர்ந்து ஆஸ்திரியாவின் மரியென்தால் என்ற ஆலைக் கிராமத்தை அவர் ஆராய்ந்தார். ஜவுளி ஆலை மூடப்பட்டதால் ஊரே வேலை இழந்திருந்தது. 1933-இல் வெளிவந்த அந்த ஆய்வு, குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்தது: மனம் தளராதவை, விதியே என்று அடங்கியவை, நம்பிக்கை இழந்தவை, எதிலும் பிடிப்பற்றுப் போனவை. வீடு சுத்தமாக இருக்கிறதா, குழந்தைகளைக் கவனிக்கிறார்களா, நாளைக்கு என்று ஏதாவது திட்டம் இருக்கிறதா என்ற அறிகுறிகளை வைத்தே இந்தப் பிரிவினை. வருமானம் குறையக் குறைய ஒரு வகையிலிருந்து அடுத்த வகைக்குக் குடும்பங்கள் சரிகின்றன என்றும் அவர்கள் சொன்னார்கள். மக்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத உட்குழுக்கள் இருக்கின்றன, அவற்றுக்கிடையே ஆட்கள் நகர்கிறார்கள் என்ற எண்ணம் அந்த ஊரிலேயே முளைத்துவிட்டது. அன்று அதைக் கண்ணால் பார்த்துப் பிரித்தார்கள்.

பின்னாளில் லாசர்ஸ்ஃபெல்ட் அதற்குக் கணித வடிவம் தந்தார். நேரில் காண முடியாத வகுப்பு ஒன்று இருக்கிறது. அதன் அறிகுறிகளாகப் பதில்கள் கிடைக்கின்றன. ஒரே வகுப்புக்குள் இருக்கும் ஆட்களிடையே பதில்களின் ஏற்ற இறக்கம் வெறும் தற்செயல் என்று வைத்துக்கொள்கிறோம். இதுவே மறைவகுப்புப் பகுப்பாய்வு. அதையும் மார்க்கோவின் சங்கிலியையும் ஒன்றாகப் பிணைத்தவர் அவருடைய மாணவர் லீ விக்கின்ஸ். 1955-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில் அதைச் செய்தார்.

பிணைத்தபின் மாதிரிக்கு மூன்று பாகங்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு மறைநிலையிலும் எத்தனை பங்கு மக்கள் இருந்தார்கள் என்பது ஒன்று. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை பங்கு நகர்கிறது என்பது இரண்டு. ஒரு நிலையில் இருப்பவர் எந்தப் பதிலை எத்தனை தடவை சொல்லக்கூடும் என்பது மூன்று. நகர்வுப் பட்டியலும் பதில் பட்டியலும் தனித்தனியாக இருப்பதுதான் இதன் உயிர்நாடி. சாதாரணக் கட்டத்தில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன.

எண்களைக் கண்டுபிடிக்கும் முறை பொறுமையானது. முதலில் மூன்று பாகங்களுக்கும் ஏதோ உத்தேச எண்களைப் போட்டுக்கொள்வார்கள். ‘இல்லை–உண்டு–இல்லை’ என்று பதிலளித்தவர் இந்த உத்தேசப்படி எந்த மறைநிலைப் பாதையில் வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று பார்ப்பார்கள். ஒரே பாதையில் அவரைத் தள்ளிவிடாமல், நூறில் 95 பங்கு இந்தப் பாதை, 5 பங்கு அந்தப் பாதை என்று பங்கிட்டு வைப்பார்கள். எல்லோரையும் இப்படிப் பங்கிட்டு முடித்ததும் அந்தப் பங்குகளைக் கூட்டிப் புதிய எண்களைப் பெறுவார்கள். புதிய எண்களை வைத்து மறுபடியும் பங்கீடு, மறுபடியும் கூட்டல். ஒவ்வொரு சுற்றிலும் மாதிரி தரவோடு இன்னும் சற்று ஒத்துப்போகும். ஒரு கட்டத்தில் எண்கள் அசையாமல் நின்றுவிடும். பிரின்ஸ்டனில் ரகசியக் குறியீடுகளோடு தொடர்புடைய ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த லெனார்ட் பாமும் அவருடைய சகாக்களும் 1970-இல் மறைநிலைச் சங்கிலிகளுக்கு இந்த முறையைத் தந்தார்கள். 1977-இல் டெம்ப்ஸ்டர், லேர்ட், ரூபின் மூவரும் அதைப் பொது முறையாக விரித்தார்கள். கணினிக்குப் பேச்சைப் புரியவைக்க நெடுங்காலம் பயன்பட்டதும் இதே முறைதான். ஓர் எச்சரிக்கை: உத்தேசத்தை வேறு எங்கிருந்தாவது தொடங்கினால் எண்கள் வேறு இடத்தில் போய் நிற்கலாம். அதனால் பல இடங்களிலிருந்து தொடங்கிப் பார்ப்பது ஆய்வாளரின் கடமை.

இதுவரை நான் ஒரு பக்கமாகவே பேசியிருக்கிறேன், திரும்பி வந்த 8 பேரும் பிழையால் திரும்பியவர்கள் என்று. உண்மையிலேயே ஒரு மாதம் வேலை கிடைத்து மறுமாதம் இழந்தவர்கள் இருக்க மாட்டார்களா? தாராளமாக இருப்பார்கள். கட்டட வேலை, அறுவடை வேலை, தற்காலிக ஒப்பந்தம் என்று வாழ்கிறவர்களுக்கு ‘இல்லை–உண்டு–இல்லை’ என்பதுதான் வாழ்க்கை. அடுத்த நிலை இப்போதைய நிலையை மட்டுமே சார்ந்தது என்ற மார்க்கோவின் அனுமானம் அவர்களுக்குப் பொருந்தாது. நேற்று வேலை கிடைத்தவரும் பத்து வருடம் வேலையில் இருப்பவரும் அதை இழக்கும் வாய்ப்பு ஒன்றல்ல. அவர்களுடைய உண்மையான அலைச்சலைப் ‘பதில் தள்ளாட்டம்’ என்று மாதிரி தள்ளிவிடக்கூடும். இது முன்னதற்கு நேரெதிரான அநீதி.

ஆட்கள் ஒரே மாதிரி இல்லை என்ற இந்தச் சிக்கலைக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் புளூமென், கோகன், மெக்கார்த்தி மூவரும் 1955-லேயே சந்தித்தார்கள். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புப் பதிவுகளிலிருந்து, தொழிலாளர் எந்தத் தொழில்துறையிலிருந்து எதற்கு மாறுகிறார்கள் என்று பார்த்தார்கள். ஒரு காலாண்டு மாற்றப் பட்டியலை வைத்து நெடுங்காலத்தைக் கணித்தால், பழைய துறையிலேயே இருப்பவர்கள் கணிப்பைவிட அதிகமாக இருந்தார்கள். அவர்கள் தந்த விளக்கம்: மக்களில் இரண்டு மறைவான வகை உண்டு. ஒரு வகை நகரவே நகராது. மற்றொரு வகை மட்டுமே சங்கிலிப்படி நகரும். நகர்வோர்–நிலைத்தோர் மாதிரி என்று இதைச் சொல்லலாம். இங்கே பதிலில் பிழை எதுவும் இல்லை. ஆட்களே வேறு வேறு. ஆனால் வெளியே தெரியும் அறிகுறி நாம் பார்த்த அதே அறிகுறி: காலம் கூடியும் மாற்றம் அந்த அளவுக்குக் கூடவில்லை.

ஒரே அறிகுறிக்கு இரண்டு கதைகள் பொருந்துகின்றன என்றால் எதை நம்புவது? இதை வைத்து அரசியல் அறிவியலில் பெரிய சண்டையே நடந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1956, 1958, 1960 ஆகிய ஆண்டுகளில் ஒரே அமெரிக்கர்களிடம் கொள்கைக் கேள்விகள் கேட்டது. மின்சாரம், வீட்டுவசதி போன்றவற்றை அரசு தனியாரிடமே விட்டுவிட வேண்டுமா என்பது அதில் ஒன்று. இரண்டு ஆண்டு இடைவெளியில் பதில்கள் எவ்வளவு மாறினவோ, நான்கு ஆண்டு இடைவெளியிலும் கிட்டத்தட்ட அவ்வளவே மாறின. ஃபிலிப் கான்வர்ஸ் 1964-இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: ஒரு சிறு குழுவுக்கு உறுதியான கருத்து இருக்கிறது, மற்றவர்களுக்குக் கருத்தே இல்லை, கேட்டதற்காக வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். ஜனநாயகத்தைப் பற்றி இதைவிடக் கசப்பான முடிவு அரிது. கிறிஸ்டோஃபர் ஏக்கன் 1975-இல் அதே தரவை எடுத்து மறுத்தார். மக்களிடம் நிலையான கருத்து இருக்கிறது, கேள்விதான் தெளிவில்லாமல் இருக்கிறது. தள்ளாடுவது மக்கள் மனம் அல்ல, நம் அளவுகோல் என்றார். மூன்று முறை கேட்ட ஒரே ஒரு கேள்வியை வைத்து இருவரில் யார் சரி என்று தீர்க்க முடியாது. மக்களைக் குறை சொல்லும் விளக்கமும் கேள்வியைக் குறை சொல்லும் விளக்கமும் சமமாகப் பொருந்தும்போது, முதலில் கேள்வியைத் திருத்திப் பார்ப்பதே நேர்மை என்பது என் கருத்து.

ஒரே கேள்வியை நம்பியிருக்காமல் ஒரு நிலையைப் பல கேள்விகளால் பிடிப்பது இன்னொரு வழி. லிண்டா காலின்ஸும் ஸ்டூவர்ட் வுகால்டரும் 1992-இல் முறைப்படுத்திய மறைநிலை மாற்றப் பகுப்பாய்வு இதைத்தான் செய்கிறது. பள்ளி மாணவர்களிடையே மது, புகையிலைப் பழக்கம் தொடங்கும் விதத்தை ஆராய்வதற்கு இது முதலில் பயன்பட்டது. அந்தத் துறையில் பிழையைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வசதி உண்டு. ‘எப்போதாவது குடித்திருக்கிறாயா?’ என்ற கேள்விக்கு ஒரு முறை ஆம் என்று சொன்ன பையன், அடுத்த ஆண்டு ‘ஒருபோதும் இல்லை’ என்று சொல்ல வாய்ப்பே இருக்கக் கூடாது. ஆனால் அப்படிச் சொல்கிறவர்கள் எல்லா ஆய்விலும் உண்டு. மறதி, பயம், விளையாட்டு, கேள்வியைத் தவறாகப் படித்தது என்று ஏதேதோ காரணம். ஆகவே பின்னோக்கிய நகர்வுக்கு இடமே இல்லை என்று மாதிரிக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம். அப்படி வரும் பதில்கள் அனைத்தும் பதில் பட்டியலின் கணக்கில் சேரும். ஜான் கிரகாமும் காலின்ஸும் மற்றவர்களும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் மதுவிலிருந்து மட்டும் தொடங்கவில்லை, புகையிலையிலிருந்தும் தொடங்குகிறார்கள் என்று தெரிந்தது. புகையிலையில் தொடங்கியவர்கள் அடுத்தடுத்த கட்டங்களுக்கு வேகமாகப் போவதாகவும் தெரிந்தது. எந்தப் பிள்ளையிடம் முதலில் பேச வேண்டும் என்பதற்கு இது நேரடியாக உதவும் செய்தி.

எத்தனை மறைநிலைகள் உண்டு என்று யார் முடிவு செய்வது? மூன்று என்றால் மூன்று, ஐந்து என்றால் ஐந்து என்று மாதிரி பிரித்துக் கொடுத்துவிடும். நிலைகளைக் கூட்டிக்கொண்டே போனால் தரவோடு பொருத்தமும் கூடிக்கொண்டே போகும். அதனால் ஒவ்வொரு கூடுதல் எண்ணுக்கும் ஓர் அபராதம் விதித்து ஒப்பிடும் அளவுகோல்களை 1974-இல் அகாயிகேயும் 1978-இல் ஷ்வார்ஸும் தந்தார்கள். அவை உதவும், முடிவைத் தாங்களே சொல்லிவிடாது. கணக்கு நமக்குத் தருவது முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற எண்கள் மட்டுமே. ‘ஆபத்தில் இருப்பவர்கள்’, ‘நம்பிக்கை இழந்தவர்கள்’ என்ற பெயர்களை ஆய்வாளர் வைக்கிறார். பெயர் வைத்ததும் அது ஏதோ பிறவிக்குணம் போலத் தோன்றத் தொடங்கிவிடுகிறது. ஒரு மாணவன் அந்த வகுப்பில் இருக்க நூற்றுக்கு 60 பங்கு வாய்ப்பு என்று கணக்கு சொன்னால், அவன் நெற்றியில் அந்தப் பெயரை ஒட்ட யாருக்கும் உரிமையில்லை. கூட்டத்தைப் பற்றிச் சொல்வதற்கான கருவி இது, தனி ஆளைத் தீர்ப்பதற்கு உரியது அல்ல.

கடைசியாக, இந்த மாதிரிகள் சொல்வது உண்மைதானா என்று பார்க்க வழி உண்டா? 2000-ஆம் ஆண்டில் பால் பீமரும் ஜான் புஷெரியும் அமெரிக்க வேலைநிலைத் தரவில் அதைச் செய்தார்கள். மாதப் பதில்களை மட்டும் வைத்து மாதிரி கண்டுபிடித்த பிழை அளவையும், மறுவிசாரணையில் நேரடியாகக் கிடைத்த பிழை அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் மாதிரியை நம்பலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். ‘வேலையில்லாதவர்’ என்ற வகைதான் அதிகம் தவறுகிறது என்பதை மாதிரியும் தானாகவே கண்டுகொண்டது. இருந்தாலும் ஒரு வகைப் பிழை இதன் கண்ணில் படாது: மாதாமாதம் ஒரே மாதிரி நடக்கும் பிழை. மகன் வேலை தேடுவது தெரியாத அம்மா ஒவ்வொரு மாதமும் ‘அவன் சும்மா இருக்கிறான்’ என்றே சொன்னால், அதில் தள்ளாட்டம் ஏதும் இல்லை. மாதிரி அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும்.

இந்தியாவில் 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு, நகரங்களில் ஒரே வீட்டுக்கு நான்கு காலாண்டுகள் போய்க் கேட்டது. 2025 ஜனவரி முதல் கிராமங்களிலும் சேர்த்து, ஒரே வீட்டில் நான்கு மாதம் தொடர்ந்து கேட்கிறார்கள். நான்கு முறை கேட்ட பதில்கள் நம்மிடம் குவியத் தொடங்கிவிட்டன. மூன்று இருந்தாலே கதவு திறக்கும் என்பதை மேலே பார்த்தோம். இனி ‘இத்தனை பேர் வேலை பெற்றார்கள்’, ‘இத்தனை பேர் வறுமையிலிருந்து மீண்டார்கள்’ என்ற செய்திகள் அடிக்கடி வரும். எழுதும் செய்தியாளர்களே, ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்: பதிவுப் பிழையைக் கழித்த பிறகும் இந்த எண் நிற்கிறதா? புள்ளியியல் துறையினர் ஒவ்வொரு நகர்வுக் கணக்கோடும் மறுவிசாரணை முடிவையும் சேர்த்து வெளியிட வேண்டும். படிக்கும் நாமும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.